திரும்பக் கேட்டல்: வலியசாலையில் ஒரு பிளேயர் வாங்குவதற்கு முன்

கடந்த மூன்று வாரங்களாக என் ஆய்வேட்டின் நான்காம் இயல் அசையவில்லை. நெறியாளர் கேட்டால் சொல்வதற்கு எழுத்துவடிவில் ஒரு காரணம் இருக்கட்டும் என்பதற்காகவும் இப்பதிவை எழுதுகிறேன். நான் குடியிருக்கும் வீட்டின் மாமி ஒரு பொருள் வாங்க விரும்பினார். எதை வாங்குவது என்று என்னிடம் கேட்டார். ஒரு மாலைப்பொழுதில் விடை சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். கேள்வி என்னை நூறாண்டுகளுக்குப் பின்னே இழுத்துச் சென்றுவிட்டது.

திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவில், ஒட்டியொட்டி நிற்கும் அக்ரகார வீடுகளுள் ஒன்றின் மாடியறையில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். கீழே மாமி. வயது 82. 1960களின் தொடக்கத்தில் இவ்வூர் இசைக் கல்லூரியில் பயின்றவர். மணமான பின் மேடையேறவில்லை. பாடுவதை மட்டும் விடவில்லை. அவரிடம் 46 ஒலிநாடாக்கள் உள்ளன. அவற்றை இயக்கிவந்த டேப் ரிக்கார்டர் சென்ற மழைக்காலத்தில் நின்றுபோயிற்று. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் இளகித் தார்போல ஒட்டிக்கொண்டிருந்தது. சாலைக் கடைத்தெருவில் பழுது பார்ப்பவர், இனி இதற்குப் பெல்ட் வராது என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். வெளிநாட்டிலுள்ள மகன், கைப்பேசியில் எல்லாப் பாட்டும் வருமே என்கிறார். கடைக்காரர் இரண்டு பொருள்களைக் காட்டினார்: பாடல்களை முன்கூட்டியே நிரப்பிய பெட்டி ஒன்று, நினைவட்டை செருகும், உள்ளங்கையளவேயான எம்பி3 பிளேயர் ஒன்று. மாமி இரண்டையும் வாங்காமல் திரும்பி வந்து என் கதவைத் தட்டினார். “நீ சத்தத்தைப் படிக்கிற ஆளாக்கும். நீதான் யோசிச்சுச் சொல்லணும்.”

(இந்த ‘ஆக்கும்’ நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த என் காதுக்கு வீட்டுச் சொல். தென்திருவிதாங்கூர்த் தமிழில் அது செய்யும் வேலைகளைப் பற்றித்தான் அந்த நான்காம் இயல். ஆகவே நான் முற்றிலும் பணியை விட்டு விலகிவிட்டதாகக் கொள்ள வேண்டா.)

முதலில் ஒரு சொற்சிக்கல். இப்பொருளைத் தமிழில் என்னவென்பது? ‘கையடக்க இசைக்கருவி’ என்று விளம்பரங்களில் மொழிபெயர்க்கிறார்கள். இசைக்கருவி என்றால் நமக்கு வீணை, மிருதங்கம், நாகசுரம். தானாக எதையும் இசைக்காமல், ஒருவர் முன்னரே இசைத்ததைத் திரும்ப ஒலிக்கும் பொருளை அச்சொல்லுக்குள் அடைத்தால் காது ஒப்புவதில்லை. கடைத்தெருவில் ‘பிளேயர்’ என்கிறார்கள். நானும் அவ்வாறே எழுதுகிறேன். ஆனால் இந்தச் சொற்சிக்கலில்தான் வரலாறு ஒளிந்திருக்கிறது. இப்பொருளின் உண்மையான வேலை இசைத்தல் அன்று, திரும்பக் கேட்கச் செய்தல். எத்தனை முறை, எந்த இடத்திலிருந்து, யார் விருப்பப்படி திரும்பக் கேட்பது என்பதே ஒவ்வொரு காலத்திலும் மாறிவந்திருக்கிறது.

இத்தெருவிலிருந்தே தொடங்கலாம். வலியசாலை என்ற பெயரின் ‘சாலை’, சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலையே என்று பலர் கொள்கின்றனர்; இங்குள்ள மகாதேவர் கோயிலும் காந்தளூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதலாம் இராசராசன் அங்கே ‘கலமறுத்தான்’ என்பதன் பொருள் கப்பலை அழித்ததா, உணவுக் கலத்தை நிறுத்தியதா, வழக்கைத் தீர்த்ததா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது நுழையப் போவதில்லை. எனக்கு வேண்டியது, அச்சாலை கல்விநிலையமாகவும் இருந்தது என்பதே. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் 866ஆம் ஆண்டுப் பார்த்திவசேகரபுரச் செப்பேடு, 95 சட்டர்களுக்குச் சாலை அமைக்கும்போது காந்தளூரின் நெறியையே முன்மாதிரியாகக் கொள்கிறது. அங்கே கற்றல் என்பது காதுவழிக் கற்றல். ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை சொல்லும் முறைக்குச் ‘சந்தை’ என்று பெயர். வேதம் ஓதுவோரும் திவ்வியப் பிரபந்தம் ஓதுவோரும் இன்றும் ‘சந்தை சொல்லிக்கொள்வது’ என்பார்கள். இதைச் ‘சந்தஸ்’ என்னும் வடசொல்லோடு இணைத்துக் காட்டுவர். கடைத்தெருச் சந்தையோடு தொடர்பில்லை. திருக்குறளில் ‘கேள்வி’ என்றோர் அதிகாரமே உண்டு. தமிழில் கேட்டல் என்பது செவிமடுத்தலும் வினவுதலும். விலை கேட்பதும் அதே வினைதான்.

சந்தை முறையில் திரும்பக் கேட்கும் அளவு ஆசிரியர் கையில் இருந்தது. மாணவர் ‘இன்னொரு தடவை’ என்று கேட்கலாம். தருவதும் மறுப்பதும் அவர் விருப்பம். கருவிகளின் வரலாற்றைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்ததிலிருந்து இந்திய இசைத்தட்டு வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். சில ஆண்டுகளிலேயே பதிவாளர்கள் சென்னைக்கும் வந்தனர். தட்டின் ஒரு பக்கம் மூன்றிலிருந்து நான்கு நிமிடம். ஒரு கீர்த்தனையின் ஆலாபனைக்கே போதாத அக்கால அளவுக்குள் பாடகர்கள் தம்மைச் சுருக்கிக்கொண்டனர். ஸ்டீபன் ஹியூஸ், 1920களின் இறுதியிலும் 1930களிலும் தமிழ் நாடக மேடையையும் இசைத்தட்டையும் தொடக்ககாலத் திரைப்படத்தையும் ஒரே அலையாகக் காட்டி எழுதியிருப்பதைப் பலர் படித்திருப்பீர்கள். கிட்டப்பா 1933இல் 27 வயதில் மறைந்தார். இன்று நமக்கு அவர் குரல் என்பது அந்த மூன்று நிமிடத் துண்டுகளே. ஒரு மாபெரும் கலைஞரின் கால அளவைத் தட்டின் விட்டம் தீர்மானித்துவிட்டது.

எடுத்துச் செல்லும் கருவி என்பதும் நாம் நினைப்பதைவிடப் பழையது. இங்கிலாந்தில் டெக்கா நிறுவனப் பெயரில் பெட்டிபோல மூடி எடுத்துச் செல்லும் கிராமபோன் 1914இலேயே விற்பனைக்கு வந்து, முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளுக்குள் சென்றது. எச்.எம்.வி.யின் 102 என்ற மாதிரி 1931இல் வந்தது, சாவி கொடுத்து இயக்குவது, மின்சாரம் வேண்டா. இக்கருவிகளில் திரும்பக் கேட்பது முதன்முறையாகக் கேட்பவர் கைக்கு வந்தது. ஊசியைத் தூக்கி மீண்டும் வைத்தால் போதும். கிட்டப்பா மறுக்க மாட்டார். ஆனால் விலை உண்டு: ஒவ்வொரு முறையும் தட்டு தேயும். விரும்பிய பாட்டே முதலில் அழியும். பழைய தட்டுகளைச் சேகரிப்போர் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே அவ்வீட்டின் சுவையைச் சொல்லிவிடுவார்கள்.

மாமியின் வீட்டில் கிராமபோன் இருந்ததில்லை. அவர் பிறந்தது 1943. அவ்வாண்டு மார்ச் 12இல்தான் திருவிதாங்கூர் அரசின் வானொலி இந்நகரில் தொடங்கியது. 1950 ஏப்ரல் முதல் நாள் அது அகில இந்திய வானொலியின் நிலையமாயிற்று. ‘நானும் ரேடியோவும் ஒரே வயசு’ என்பது மாமி அடிக்கடி சொல்வது. வானொலியில் திரும்பக் கேட்பது இல்லை. வந்தது, போயிற்று. உரிமக் கட்டணத்தை அஞ்சலகத்தில் கட்டி வைத்திருக்கும் வீட்டில் நாலைந்து வீட்டுப் பெண்கள் கூடியமர்ந்து, மடியில் குறிப்பேட்டை விரித்து, ஒலிக்க ஒலிக்கச் சாகித்தியத்தை எழுதிக்கொள்வார்களாம். முதலடி ஒருத்தி, அடுத்த அடி மற்றொருத்தி என்று முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்வது உண்டு. ஒரே முறை கேட்கக் கூடியதைக் கூட்டாகப் பிடித்துவைக்கும் இவ்வேற்பாட்டை ஒலிப்பதிவு வரலாறுகள் எதிலும் நான் படித்ததில்லை. அந்தக் குறிப்பேடுகளுள் ஒன்று இன்னும் மாமியிடம் இருக்கிறது. ஓர் அனுபல்லவியின் நடுவில் கையெழுத்து மாறுகிறது.

இசைக் கல்லூரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1939இல் ‘மியூசிக் அகாடமி’ என்ற பெயரில், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை முதல்வராகக் கொண்டு தொடங்கப்பட்டது. அவருக்குப்பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் பொறுப்பேற்றார். 1962இல் சுவாதித் திருநாளின் பெயர் சூட்டப்பட்டது. அக்கல்லூரியின் முதல் மாணவி பாறசாலை பி. பொன்னம்மாள். 1924இல் பிறந்த அவர் பின்னர் அங்கேயே கற்பித்தார். திருப்பூணித்துறை இசைக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். 2021 ஜூன் 22இல் மறையும்வரை அவர் வாழ்ந்தது இந்த வலியசாலையில்தான். பத்மநாபசுவாமி கோயிலின் நவராத்திரி மண்டபத்தில், சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளுக்கென்றே நடைபெறும் ஒன்பது நாள் கச்சேரிகளில், 2006இல் பாடிய முதல் பெண்மணி அவர். அப்போது வயது ஏறத்தாழ 82. மாமிக்கு இப்போது அதே வயது என்பதை நான் கணக்கிட்டுச் சொன்னேன். அவர் முன்பே கணக்கிட்டிருந்தார்.

பெண் குரல் அம்மண்டபத்துக்குள் நுழைய 2006 வரை ஆயிற்று. மண்டபத்தின் குரல் பெண்களின் அடுக்களைக்குள் வானொலி வழியாக எவ்வளவோ முன்பே வந்துவிட்டது. அதைப் பிடித்துவைக்க ஒரு கருவி மட்டும் தேவைப்பட்டது. அது வளைகுடாவிலிருந்து வந்தது.

ஒலிநாடாவின் உலக வரலாற்றைச் சொல்வோர் 1979 ஜூலையில் ஜப்பானில் வெளியான சோனி வாக்மேனைக் கொண்டாடுவர். அதன் முதல் மாதிரியில் பதிவுப் பொத்தான் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தியாளர்கள் பயன்படுத்திய பதிவுக்கருவியிலிருந்து பதிவு செய்யும் உறுப்பை நீக்கிவிட்டு, கேட்பதற்கு மட்டும் என்று ஆக்கினார்கள். தனியொருவர் காதுக்குள் ஒலிக்கும் உலகம் அவ்வாறு பிறந்தது. கேரளத்தில் அதே ஆண்டுகளில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1970களில் வளைகுடாவுக்குச் சென்றோர் விடுமுறையில் கொண்டுவந்தது வானொலியும் டேப்பும் இணைந்த ‘டூ-இன்-ஒன்’. வானொலியில் ஒலிப்பதை அப்படியே நாடாவில் ஏற்றலாம். ஒலிவாங்கியும் உள்ளேயே இருந்தது. யேசுதாஸ் 1980இல் இந்நகரில் தொடங்கிய தரங்கிணி நிறுவனம் மலையாளப் பாடல் நாடாக்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பீட்டர் மானுவல் தம் 1993ஆம் ஆண்டு நூலில் வட இந்தியாவை முன்வைத்து, ஒலிநாடா பெருநிறுவனத்தின் பிடியைத் தளர்த்திச் சிறு தயாரிப்பாளர்களுக்கு வழிவிட்டது என்று வாதிட்டார். சரியே. ஆனால் அவருடைய கவனம் பெரும்பாலும் விற்கப்பட்ட நாடாக்களின்மீது. மாமியின் 46இல் கடையில் பாடலோடு வாங்கியவை ஐந்து. அவற்றுள் ஒன்று பொன்னம்மாள் பாடிய குருவாயூர் சுப்ரபாதம். மீதி 41 வெறும் நாடாவாக வாங்கி வீட்டில் நிரப்பியவை.

அந்த 41ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இப்பதிவின் உயிர் அங்குதான் இருக்கிறது. உறைகளில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். மாமாவின் கையெழுத்து மலையாளத்தில். மாமியின் கையெழுத்து தமிழில். பதினாறு நாடாக்கள் நவராத்திரி ஒலிபரப்புகள். சங்கராபரணத்தின் நடுவே குக்கர் விசிலடிக்கிறது, ஒருமுறை காகம், ஒருமுறை யாரோ வந்து ‘கறண்டு பில்’ என்கிறார். முப்பது நிமிடத்தில் பக்கம் முடிந்துவிடுவதால் பல்லவியின் ஒரு வட்டணை அறுந்து, நாடாவைத் திருப்பிப் போட்ட பின் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. ஒன்பது நாடாக்கள் மாமியின் தமக்கை பாடியவை. அவர் 1991இல் காலமானார். ஏழு நாடாக்களில் ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்து நடத்திய பாடம். ஆசிரியை ஒரு சங்கதியைப் பாடுகிறார். மாமி திருப்பிப் பாடுகிறார். ‘ம்ஹூம், இன்னொரு தடவை’. சந்தை முறை நாடாவில் அப்படியே கிடக்கிறது. இப்பாட நாடாக்களைத்தான் மாமி முப்பதாண்டுகளாக அதிகம் இயக்கியிருக்கிறார். எட்டு நொடி கேட்டு, நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மீண்டும் எட்டு நொடி. டேப் ரிக்கார்டரில் மற்றப் பொத்தான்களின் எழுத்து தெளிவாக இருக்கிறது. பின்னோட்டும் பொத்தானின் எழுத்து முற்றிலும் அழிந்திருக்கிறது.

இனி எண்முறைக் கருவிகள். இப்பகுதியை விரைந்து கடப்பேன். ஜோனதன் ஸ்டெர்னின் 2012ஆம் ஆண்டு நூல் எம்பி3 வடிவத்தின் முன்வரலாற்றைத் தொலைபேசி ஆய்வுக்கூடங்கள்வரை கொண்டுசென்று காட்டியிருக்கிறது. சுருக்கம் இதுதான்: ஒரே நேரத்தில் உரத்த ஒலியும் மெல்லிய ஒலியும் அருகருகே வந்தால் காது மெல்லியதைத் தவறவிடும், தவறவிடப்போவதை முன்கூட்டியே நீக்கிவிட்டால் கோப்பு சிறுக்கும். குறுந்தட்டின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3இல் 128 போதும் என்றார்கள். பதினொன்றில் ஒரு பங்கு.

1998இல் கொரிய நிறுவனமொன்றின் எம்பிமேன் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ரியோ. ரியோவின் நினைவகம் 32 மெகாபைட். மேற்சொன்ன கணக்கில் ஏறத்தாழ 33 நிமிடம். ஓர் இராகம் தானம் பல்லவிக்குப் பற்றாது. ஆயினும் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அதைத் தடைசெய்யக் கோரி நீதிமன்றம் சென்றது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. தம்மிடம் ஏற்கெனவே உள்ள பாட்டை வேறோரிடத்தில் கேட்க எடுத்துவைத்துக்கொள்வது தனிப்பட்ட பயன்பாடே என்பது அத்தீர்ப்பின் சாரம். ‘எதை நிரப்புவது என்பது வாங்கியவர் பாடு’ என்ற நிலை சட்டத்தால் உறுதிப்பட்ட தருணம் அது. நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான இடம் தருகிறது; ஒலிப்பதிவுக்கான உரிமைக் காலம் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. கிட்டப்பாவின் தட்டுகள் இன்று நம் அனைவருக்கும் உரியவை.

2001 அக்டோபர் 23இல் ஐபாட். 5 ஜிபி, ‘ஆயிரம் பாட்டு சட்டைப்பையில்’ என்று விளம்பரம். ஆயிரம் என்பது எப்படிப்பட்ட அலகு? நாலு நிமிடப் பாட்டு ஆயிரம். நாற்பது நிமிடத் தோடி அக்கணக்கில் ஒரு பாட்டா, பத்துப் பாட்டா? எம்பி3 கோப்பின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் சிறு மௌனத்தால், ஆலாபனையை ஒரு கோப்பாகவும் கீர்த்தனையை அடுத்த கோப்பாகவும் பிரித்தால் இடையில் சுருதியே ஒரு கணம் அறுந்துபோகும். ‘பாட்டு’ என்றால் தனித்தனித் துண்டு என்று எண்ணியவர்கள் வடிவமைத்த கருவி அது. ஐபாட் வரிசையை நிறுத்துவதாக 2022 மே மாதத்தில் அறிவிப்பு வந்தது. அதற்குள் கைப்பேசி அதை விழுங்கிவிட்டிருந்தது.

ஆக, மாமியின் மூன்று வாய்ப்புகள். கைப்பேசியில் ஓடைபோல வரும் பாட்டு: அங்கே எதுவும் நம்முடையதன்று. மாதச் சந்தா நின்றால் பாட்டும் நின்றது. போதாக்குறைக்கு, இசைவிரல் பட்ட இடமெல்லாம் திரை மாறிவிடுகிறது என்பது மாமியின் குறை. திரையைத் தொடாமல் பொத்தானைத் தடவி அறிந்து அழுத்தும் விரலுக்கு அது ஏற்றதன்று.

நிரப்பிய பெட்டி: இதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. 1928இல் டம்டம்மில் பெரிய ஆலை கட்டி நாட்டுக்கெல்லாம் இசைத்தட்டு அச்சிட்ட கிராமபோன் கம்பெனிதான் 2000இல் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது. தன் கிடங்கில் இருந்த பழைய பாடல்களை 5,000 என்று எண்ணி நிரப்பி, பழைய வானொலியின் தோற்றத்தில் 2017இல் கேரவான் என்ற பெட்டியை ஏறத்தாழ 6,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. தமிழ்ப் பதிப்பும் வந்தது. பெரிய பொத்தான், இணையம் வேண்டா. முதியவர்களை எண்ணிச் செய்த பொருள்கள் நம் சந்தையில் எத்தனை? நாகர்கோவிலில் என் அத்தை வீட்டில் அது காலை முழுவதும் ஒலிக்கிறது; அத்தைக்கு அதில் எந்தக் குறையுமில்லை. வெளிக்கோப்புகளை யுஎஸ்பி வழியாகவும் அதில் கேட்கலாம். ஆயினும் வரலாற்றுக் கண்ணால் பார்த்தால், தொண்ணூறு ஆண்டுக்கு முன் எந்த நிறுவனம் எதைப் பதிவு செய்வது என்று தேர்ந்ததோ, அதே தேர்வுதான் மீண்டும் வீட்டுக்கு வருகிறது. மாமியின் தமக்கை அந்த 5,000இல் இல்லை. இருக்கவும் முடியாது.

எஞ்சியது சிறு பிளேயர். அதில் ‘ஏ–பி’ என்றொரு வசதி இருந்தது. தொடங்கும் இடத்தில் ஒருமுறை, முடியும் இடத்தில் ஒருமுறை அழுத்தினால் அத்துண்டு மட்டும் நிறுத்தும்வரை சுழலும். அயல்மொழி கற்போருக்காகச் சேர்க்கப்படும் வசதி. கள ஆய்வில் நேர்காணலை எழுத்துப்பெயர்க்கும் நாங்கள் கணினியில் நாள்முழுதும் செய்வதும் இதுவே: ஒருவர் ‘ஆக்கும்’ என்றாரா ‘ஆகும்’ என்றாரா என்று அரை நொடியை முப்பது முறை கேட்பது. மாமிக்கும் எனக்கும் வேண்டியது ஒரே பொத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இசை மாணவி சங்கதியைப் பிடிக்கக் கேட்கிறார். மொழியியல் மாணவர் ஒலியனைப் பிடிக்கக் கேட்கிறார். ‘இன்னொரு தடவை’.

ஆனால் பிளேயரை வாங்கினால் மட்டும் ஆகாது. நாடாவை எண்முறைக்கு மாற்ற வேண்டும். அதற்குக் குறுக்கு வழியில்லை. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம். அறுபது நிமிட நாடா 31, தொண்ணூறு நிமிட நாடா 15. மொத்தம் ஐம்பத்து மூன்றரை மணி நேரம். ஒலி ஆவணக் காப்பாளர்களின் பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்த அளவான 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற தரத்தில் ஏற்றினால் 55 ஜிபி. கேட்பதற்கான எம்பி3 படி 3 ஜிபிக்குச் சற்று மேல். இரண்டும் வேண்டும் என்று முடிவு செய்தேன். எம்பி3இல் ழகரம் தப்பிவிடும்; அதன் அடையாளம் பெரிதும் கீழ் அலைவெண்களில் இருப்பது. உரசொலிகளின் மேற்பகுதி தப்பாது. நாளை இந்நாடாக்களில் இன்னொருவர் எதைத் தேடுவார் என்று இன்று யார் சொல்ல முடியும்? குக்கர் விசிலைக்கூடத் தேடலாம்.

நண்பர் ஒருவரிடம் இயங்கும் நிலையிலிருந்த டெக் ஒன்றை இரவல் பெற்றோம். பதினொன்றாம் நாடா, தமக்கை பாடியது, ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்தது. கவனக்குறைவு என்னுடையது, முதலில் ஒருமுறை முழுவதும் முன்னோட்டி இறுக்கம் தளர்த்தியிருக்க வேண்டும். பிளேடால் விளிம்பை வெட்டி ஒட்டினேன். ஏறத்தாழ இரண்டு நொடி போயிற்று. மாமியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் அந்த இடத்தைக் கேட்டுவிட்டு, “அங்கே அவ மூச்சுதான் விடுவா” என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

சென்ற வெள்ளியன்று பிளேயரை வாங்கினோம். பெரிய பொத்தான் கொண்ட மாதிரி, 2,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல், நினைவட்டை தனி. இதுவரை 19 நாடாக்கள் முடிந்துள்ளன. நவராத்திரிக் கச்சேரியைத்தான் முதலில் கேட்பார் என்று எதிர்பார்த்து அதை முதற்கோப்பாக வைத்திருந்தேன். அதைத் தாண்டிச் சென்று பாட நாடாவைப் போட்டார். ஏ–பி பொத்தானை அழுத்துவதற்கு இரண்டு நாள் பழகினார். இப்போது கீழே அந்த ஆசிரியையின் எட்டு நொடிச் சங்கதி சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே மாமியின் குரல். மேலே நான் என் நேர்காணலின் அரை நொடியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறேன். நான்காம் இயலில் இன்று இரண்டு பத்தி எழுதியாயிற்று.

ஒரு வேண்டுகோள். தொண்ணூறு நிமிட நாடாக்களின் மெல்லிய பட்டையை அறாமல் ஓட்டிய அனுபவமுள்ளோர், ஒலிநாடாவின் அழுத்துபஞ்சு இங்கு எங்கேனும் கிடைக்கும் என்றறிந்தோர், தயவுசெய்து கருத்துப்பகுதியில் எழுதுங்கள். இன்னும் 27 நாடாக்கள் உள்ளன. அவற்றுள் நான்கு தமக்கை பாடியவை.